நரி காகத்துக்குக் கொடுத்த கம்பு

ஆலங்காட்டில் தவிட்டி என்று ஒரு முயல் இருந்தது. ஓடைக்கரையில் அதற்குக் கொஞ்சம் நிலம் உண்டு. போன வருஷம் மழை பொய்த்துவிட்டதால், விதைக்கு வைத்திருந்த கம்பையும் குட்டிகளுக்கே போட்டுவிட்டது. இந்த வருஷம் வானம் கறுத்து நிற்கிறது; விதைக்க ஒரு மணி இல்லை!

காட்டுக்கு அரசரான யானை இளகிய மனசுக்காரர். "பயிர் செய்கிறவர்களுக்கெல்லாம் அரண்மனைக் கிடங்கிலிருந்து விதை இலவசம்!" என்று அறிவித்தார். தவிட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அரசரை வாயார வாழ்த்திக்கொண்டே கிடங்குக்கு ஓடியது.

கிடங்குப் பொறுப்பு நரியிடம் இருந்தது. "விதையா? எல்லாம் தீர்ந்துபோச்சு!" என்றது நரி.

"அதுக்குள்ளயா? யாருக்குங்க கொடுத்தீங்க?"

"அதை வெளியே சொல்லலாமா? உதவி வாங்கினவங்க மானம் என்ன ஆகிறது?"

அடடா, அடுத்தவர் மானத்தின் மேல் நரிக்குத்தான் எத்தனை அக்கறை! தவிட்டி பாவம், அதை அப்படியே நம்பியது. மழை வந்தாலும் நிலம் தரிசாகக் கிடக்குமே, குட்டிகள் பட்டினி கிடக்குமே என்று ஒரு வேப்பமரத்தின் பின்னால் உட்கார்ந்து அழுதது.

அப்போது நரி ஒரு கூடைக் கம்போடு அங்கே வந்தது. தவிட்டியை அது கவனிக்கவில்லை. மரத்தில் இருந்த காகத்தைக் கூப்பிட்டு, "நேத்து கிடங்கு வாசல்ல நீ பார்த்ததைப் பத்தி மூச்சு விடாதே! இந்தக் கம்பு உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு நழுவியது.

காகத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் உறவைக் கூப்பிடாமல் எந்தக் காகம் வாய் வைக்கும்?

"கா! கா! எல்லாரும் வாங்க, விருந்து!"

காடே கறுத்துப்போகும்படி காகங்கள் வந்து இறங்கின. "இவ்வளவு கம்பு ஏதுடா?" என்று கேட்டது ஒரு கிழட்டுக் காகம்.

"நரியார் கொடுத்தார், பெரியப்பா! காட்டுப்பன்றிக்குக் கூடை கூடையா விதை கொடுத்ததை யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்! அதுக்குத்தான்!"

தவிட்டி திடுக்கிட்டு எழுந்தது. கூச்சல் கேட்டு மற்ற மிருகங்களும் கூடிவிட்டன. யானையும் வந்தார்.

"நானும் விவசாயிதான்!" என்று உறுமியது பன்றி. "குளத்துக்கு வடக்கே எனக்கு வயல் இருக்கு!"

"அங்கேயா?" என்றது தவளை. "அது வெறும் பாறையாச்சே! தினமும் நான் வெயில் காயற இடம்!"

காடே கொல்லென்று சிரித்தது. பன்றியின் குகையில் பதுக்கிய விதை வெளியே வந்தது. நரியின் பதவி போனது.

யானை தலை குனிந்தார். "கொடுத்தா போதும்னு இருந்துட்டேன். யாருக்குப் போகுதுன்னு பார்க்கலை. இனிமே யார் விதை வாங்கினாலும், எந்த நிலத்துக்குன்னு சொல்லி இந்த மரத்தடியில காகம் பேர் கூப்பிடட்டும்!"

முதல் பெயர் தவிட்டியுடையது. அது கொஞ்சமும் கூசவில்லை. "நான்தான்! ஓடைக்கரை நிலத்துக்கு!" என்று குரல் கொடுத்து வாங்கிக்கொண்டது. பிறகு கண் கலங்க காகத்தைப் பார்த்தது.

"என் குட்டிங்க உள்ள காலம் வரைக்கும் உன்னை மறக்க மாட்டோம், தம்பி!"

"நான் என்னக்கா செஞ்சேன்? சாப்பிடத்தானே கூப்பிட்டேன்!"

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே விதைத்த தவிட்டி, ஒவ்வொரு பிடிக்கும் அரசரையும் காகத்தையும் வாழ்த்தியது.

பொதுவில் கொடுக்கும் உதவி யாருக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தால்தான், அது உரியவர் கைக்குப் போய்ச் சேரும்.