தேரி மேட்டில் வந்து நின்றவர்

தவசிலிங்கத்துக்கு அறுபது வயது முடிந்துவிட்டது. அவருடைய குரு உலகம்மைக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஆகவே குரு சிஷ்யரை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார். சிஷ்யர் குருவை "அம்மா" என்பார். கொல்லாம்விளையில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் அந்த இரண்டு பேர் மட்டும்தான்.

ஊர், தேரி என்கிற செம்மணல் மேடுகளின் ஓரத்தில் இருந்தது. ஆடிக் காற்று அடித்தால் தேரி எழுந்து நடக்கும். இன்றைக்கு மேடாக இருந்த இடம் அடுத்த வாரம் பள்ளமாகக் கிடக்கும். ஊருக்கும் தேரிக்கும் நடுவே, முந்திரி மரங்களுக்குள் அம்மாவின் மடம். மடம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் ஓலைக் கூரை, ஒரு பாய், வாசலில் வழிப்போக்கர்களுக்கு ஒரு பானைத் தண்ணீர்.

தவசிலிங்கம் டவுனில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். சாமி, பேய், சம்மனசு என்கிற தேவதூதன் எதையும் நம்பாத மனிதர். தேரியில் சுடலைமாடனைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி, வே" என்று வாரிவிடுவார். ஆனால் ஆளுக்கொரு கிறுக்கு உண்டல்லவா. வேறு கிரகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், ஒருநாள் இறங்கி வருவார்கள், வந்தால் ஆளரவமில்லாத தேரியில்தான் இறங்குவார்கள் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. மொட்டை மாடியில் ஒரு தொலைநோக்கியை நிறுத்தி வைத்து, வருவோரை வரவேற்க ஆயத்தமாக இருந்தார். ஊர் பார்த்துச் சிரித்தது. ஊரின் சுடலையைப் பார்த்து அவர் சிரித்தார். கணக்கு நேராகிவிட்டது.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டார்.

"அம்மா, வானத்துலேருந்து ஒரு ஆளு வந்து இறங்குதான்னு வைங்க. அவந்தான்னு எப்படி அடையாளம் கண்டுபிடிக்க?"

அம்மா முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வந்தவருக்கு மொதல்ல தண்ணி குடுங்க, அண்ணாச்சி."

"அதுக்கப்புறம்?"

"குடிக்கட்டும்."

தவசிலிங்கத்துக்குச் சப்பென்று போய்விட்டது. பெரிய கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் பெரியவர்களும் இப்படித்தான் மழுப்புவார்கள் போல என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அந்த ஆடியில் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழா வந்தது.

மற்ற ஊர்களில் சாமி நடுச்சாமத்தில் வேட்டைக்குப் போகும். கொல்லாம்விளையில் பொழுது அடைகிற நேரத்திலேயே புறப்பட்டுவிடும். சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்குப் போய்த் திரும்புகிறவரை ஊரில் ஒரு கதவும் திறந்திருக்கக் கூடாது. யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் ஏனென்று கேட்கக் கூடாது. கூப்பிடுவது இன்னார் என்று எப்படித் தெரியும்?

அன்று காற்று பேய்க்காற்று. வானம் முழுக்கச் செம்மணல். அம்மா மடத்தில் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார்.

பொழுது அடையும்போது தேரிக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் நேராக வானத்தைப் பார்த்துக் கிளம்பியது. வெள்ளை வெளேரென்று, தூண் நட்டது மாதிரி. கொஞ்ச நேரத்தில் மேட்டின் மேல் ஓர் உருவம் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தலையிலிருந்து முழங்கால்வரை வெள்ளியாக மின்னியது.

வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த சாமியாடி பேச்சிமுத்து அதைப் பார்த்தார். இத்தனை வருஷம் தன் மேல் வந்து இறங்கியவர் இன்றைக்கு நேரிலேயே வந்து நிற்கிறார் என்று நினைத்து, பந்தத்தைக் கீழே போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கூடப் போனவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் ஓடிவந்தார்கள். மாதா கோவில் உபதேசியார் ஞானப்பிரகாசம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெள்ளை ஒளியில் சம்மனசைக் கண்டார். ஜன்னலைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு முழங்காலிட்டார்.

தவசிலிங்கம் மட்டும்தான் வெளியே வந்தார். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பயந்து கதவடைக்கிற மனிதரில்லை அவர். மேட்டடியில் முள்ளோடு நின்ற உடைமரம்வரைக்கும் ஓடினார். கூப்பிடு தூரத்தில், மணல் திரைக்கு அந்தப் பக்கம், அது நின்றது.

அது கையைத் தூக்கியது.

தவசிலிங்கமும் கையைத் தூக்கினார்.

அது இரண்டு கைகளையும் தூக்கியது. அவரும் தூக்கினார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வந்தது. ஆயுசு பூராவும் காத்திருந்தது வீண்போகவில்லை. கிட்டே போகலாமா என்று கால் துடித்தது. ஆனால் வந்தவர்கள்தான் முதலில் நெருங்க வேண்டும், நாமாகப் போய் மிரட்டிவிடக் கூடாது என்று அவர் எத்தனையோ காலமாக முடிவு செய்து வைத்திருந்தார். நின்ற இடத்திலேயே நின்றார். அந்த உருவம் உட்கார்ந்தது. பிறகு மண்ணில் சாய்ந்தது. நம் பூமியைத் தொட்டு வணங்குகிறது என்று நினைத்து இவரும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருட்டும் மணலும் சேர்ந்து மேட்டை மூடின. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனார்.

அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

விடிந்ததும் ஆடு மேய்க்கப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு மீன் லாரி பாதை தவறி இறங்கி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கிடந்தது. மேட்டின் மேல் ஓர் இளைஞன் இறந்து கிடந்தான். ஐஸ் உருகாமல் இருக்க வண்டிக்குள் விரிக்கிற வெள்ளித் தாளை மணலுக்குப் பயந்து போர்த்தியிருந்தான். ஒரு கால் முறிந்திருந்தது. ரத்தம் நிறையப் போயிருந்தது. "முந்தின நாள் ராத்திரியே கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பான்" என்று டாக்டர் சொன்னாராம்.

ஊர் கலங்கியது. ஆனால் யாருடைய சாமியும் இடத்தை விட்டு அசையவில்லை. சுடலை பலி எடுத்துக்கொண்டார் என்றார் பேச்சிமுத்து. ஆத்துமத்தை அழைத்துப்போகச் சம்மனசு வந்தது என்றார் உபதேசியார்.

ஒடிசாவிலிருந்து இறந்தவனின் அண்ணன் வந்தார். போலீஸ்காரர் ஒருவர் அவர் பேச்சைத் தமிழில் சொன்னார்.

"கடைசியா இவரு தம்பிய யாராவது உசுரோட பாத்தீங்களான்னு கேக்காரு."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"இல்ல" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று தவசிலிங்கத்துக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று.

அந்த அண்ணன் எல்லோரையும் கும்பிட்டுவிட்டுத் தம்பியின் சவப்பெட்டியோடு வண்டியில் ஏறினார்.

அதன் பிறகு தவசிலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. தான் பார்த்தது வண்டி வெளிச்சம் என்றால், தான் ஒரு மனிதனைக் கண்ணெதிரே சாகவிட்டவர். வேறு வெளிச்சம் என்றால் அப்படியில்லை. இரவும் பகலும் மனசு வேறு வெளிச்சத்தையே தேடியது. கடைசியில் மடத்துக்குப் போனார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நான் பாத்தது அந்த லாரி வெளிச்சந்தானா?"

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

"லாரி விழுந்து கெடந்தது வாஸ்தவந்தான். ஆனா அதுக்கு முன்னாலயே வேற ஒண்ணு வந்துட்டுப் போயிருக்கலாம்லா? நான் பாத்தது அதுவா இருக்கலாம்லா? அது நின்ன நிலையே வேற, அம்மா."

"அவரு நின்ன நிலை" என்றார் அம்மா.

தவசிலிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அது ஒரு சைகை காட்டுச்சு. இதுவரைக்கும் யாருட்டயும் சொல்லல. விரலெல்லாம் மடக்கிக்கிட்டு, கட்டைவிரலை மட்டும் நீட்டி, முகத்துக்கு நேராக் கொண்டுபோச்சு. மறுபடியும் மறுபடியும். நானும் அதே மாதிரி காட்டினேன். அது அவங்க கும்பிடுத முறையா இருக்கும். ஒரு லாரிக்காரன் எதுக்கு அப்படிக் காட்டணும்? சொல்லுங்க."

அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"நாளைக்கு உச்சிக்கு அந்த மேட்டுல ஏறி உக்காருங்க, அண்ணாச்சி. ஒரு போர்வை எடுத்துக்கிடுங்க. தண்ணி கொண்டுபோக வேண்டாம். பொழுதடைய நான் உடைமரத்துக்கிட்ட வாரேன். நான் வந்து கூப்பிடுதவரைக்கும் எறங்கக் கூடாது."

"எதுக்கு?"

"கேட்டீங்கள்லா?"

மறுநாள் உச்சி வெயிலில் தவசிலிங்கம் மேட்டில் ஏறினார். மணல் கால் வழியாகச் சுட்டது. காற்று கிளம்பியதும் கண், மூக்கு, பல்லிடுக்கு எல்லாம் மணல். போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பின்னால் பள்ளத்தில் வண்டி கிடந்த தடத்தைக் காற்று பாதி மூடிவிட்டிருந்தது. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு வானம் மறந்துபோயிற்று. ஊர் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடம் தெரிந்தது. எச்சில் வற்றி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அறுபது வருஷம் இந்த மண்ணில் இருந்தும் தாகம் என்றால் இதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பொழுது அடைகிற நேரம் உடைமரத்தடியில் அம்மா வந்து நின்றார். கையில் ஒரு செம்பு இருந்தது.

தவசிலிங்கம் கையைத் தூக்கினார்.

அம்மாவும் கையைத் தூக்கினார்.

"அம்மா!" என்று கூப்பிட்டார். காற்று அந்தச் சத்தத்தைப் பின்பக்கமாகக் கொண்டுபோய்விட்டது. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார். வாருங்கள் என்று தவசிலிங்கம் கையசைத்து அழைத்தார். அம்மா அங்கிருந்தே கும்பிட்டார்.

அவருக்குக் கோபம் வந்தது. என்ன விளையாட்டு இது? தொண்டை காய்ந்து பிளக்கிறது, இந்த அம்மாள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். மறுபடியும் கத்தினார். சத்தம் வரவில்லை, இருமல்தான் வந்தது. அவர் கை தானாக எழுந்தது. விரல்கள் மடங்கின. கட்டைவிரல் வாயை நோக்கிப் போயிற்று.

பாதி வழியில் கை நின்றது.

கீழே அம்மா விரல்களை மடக்கி, கட்டைவிரலைத் தன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார்.

தவசிலிங்கம் மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு முகம் மண்ணில் படச் சாய்ந்தார். போர்வைக்குள் அவர் அழுத சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது.

அம்மா செம்பை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார். கால் புதையப் புதைய, நிற்காமல் வந்தார். அவர் ஏறி முடித்த நேரத்தைப் பார்த்தால் அது ஒன்றும் பெரிய தூரமில்லை என்று தவசிலிங்கத்துக்குத் தெரிந்தது.

"எந்திரிங்க அண்ணாச்சி. தண்ணி குடிங்க."

அவர் செம்பை வாங்கினார். உதடுவரை கொண்டுபோய்விட்டு இறக்கினார்.

"லாரி வெளிச்சந்தாம்மா."

அம்மா அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டார்.

"அவங்க அண்ணன் கேட்டாரு. நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்."

"அவர் ஊரு, விலாசம் எல்லாம் ஸ்டேஷன்ல இருக்கும். போய்ச் சொல்லணும். என்னன்னு போய்ச் சொல்ல?"

"பாத்ததச் சொல்லுங்க."

காற்று கொஞ்சம் தணிந்தது. கீழே ஊரில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியது. தவசிலிங்கம் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு உடைமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டிலிருந்து பார்க்க அந்த இடம் நன்றாகத் தெரிந்தது. அங்கே ஓர் ஆள் நின்றால் முகம்கூடத் தெரியும்.

"அம்மா."

"சொல்லுங்க."

"பேச்சிமுத்து அவரச் சொடலைன்னான். உபதேசியாரு சம்மனசுன்னாரு. நான் வேற என்னமோன்னு நெனச்சுக்கிட்டு நின்னேன்." அவர் உடைமரத்தைக் கைநீட்டிக் காட்டினார். "இங்கேருந்து அவரு என்னையப் பாத்திருக்காரு. நான் அங்கன நின்னு கையக் காட்டினதப் பாத்திருக்காரு. என்னைய அவரு என்னன்னு நெனச்சிருப்பாரு?"

அம்மா உடைமரத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"மனுசன்னு நெனச்சிருப்பாரு, அண்ணாச்சி."