முதலை முதுகில் ஏறிய மொறுமொறுப்பு

அந்தக் காலத்தில், எல்லா உயிர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, முதலையின் உடம்பு கெளுத்தி மீனைப்போல வழுவழுவென்று இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு குளவி கொட்டினால்கூட மூன்று நாள் வீங்கிக் கிடக்கும்.

அமெரிக்காவின் தெற்கே, மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் ஒரு சதுப்புநிலத்தில் அப்படி ஒரு தாய் முதலை இருந்தது. அந்த வருடம் அது பதினான்கு குட்டிகள் பொரித்தது. பதினொன்றைக் கரடி தின்றுவிட்டது. தடுக்கப் போன தாய்க்கு முதுகில் நாலு கடி. மிச்சமிருந்த மூன்று குட்டிகளை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் அது தவித்தது.

கரையோரக் குடிசையில் மார்சலின் என்றொருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊருக்கே மீன் பொரித்துப் போடுவாள். அவளுடைய இரும்புக் கொப்பரை ஒரு படகு அகலம் இருக்கும். அந்த வாசனைக்குத் தலையைத் தூக்கிய முதலை கேட்டது:

"என்ன பண்றீங்க அக்கா?"

"பொரிக்கிறேன்."

முதலைக்கு ஒரே ஆச்சரியம். "நானும்தான் பொரிச்சேன். நாங்க பொரிச்சா ஓடு உடையும். நீங்க பொரிச்சா மீனுக்கு ஓடு வருதே, அது எப்படி?"

மார்சலின் வயிறு குலுங்கச் சிரித்தாள். தன் கைப்பக்குவத்தைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது. "முதல்ல மோர்ல ஊறவைக்கணும். அப்புறம் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த மக்காச்சோள மாவுல புரட்டணும். பன்றிக் கொழுப்பு நல்லாக் காய்ஞ்சதும் போட்டு, ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிப் போடணும். அவ்வளவுதான்."

"அந்த ஓட்டுல பல்லு இறங்குமா?"

"பதமா எடுத்தா இறங்கும். கொஞ்சம் கூடுதலா விட்டா கல்லு மாதிரி ஆயிடும். கரடி கடிச்சாலும் இறங்காது."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். முதலைக்கோ அதற்குப் பிறகு வேறெதுவும் காதில் விழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்சலின் விறகெடுக்கப் போன நேரம். முதலை கரையேறி வந்து மோர்த் தொட்டியில் இறங்கி ஊறியது. பிறகு மாவில் புரண்டது. மிளகாய்த்தூள் கண்ணில் ஏறிக் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. முதலைக் கண்ணீர் என்று இன்றைக்குக் கேலி செய்கிறோமே, அன்று வந்தது அசல் கண்ணீர். கரடி கடிப்பது முதுகைத்தானே, முதலில் அது வேகட்டும் என்று கொப்பரைக்குள் மல்லாந்து விழுந்தது.

கொழுப்பு பாதி உடம்புக்குத்தான் வந்தது. வலியில் உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் மூன்று குட்டிகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

விறகோடு வந்த மார்சலின் அதைக் கீழே போட்டுவிட்டுக் கொப்பரைக்கு ஓடினாள்.

"அக்கா, வெந்துடுச்சு! திருப்பிப் போடுங்க!"

"அடிப்பாவி, மூணு புள்ளைங்களை விட்டுட்டு சாகப் போறியா? வெளியே வாடி!" என்று அலறியவள், நீண்ட கரண்டியைக் கொடுத்து நெம்பி அதைத் தரையில் தள்ளினாள். வந்த வேகத்தில் வால் நுனி ஒடிந்து கொப்பரையிலேயே நின்றுவிட்டது.

முதலை திரும்பிப் பார்த்தது. முதுகு முழுக்கக் கரடுமுரடாக, கறுத்து, கல்லாக இறுகியிருந்தது. திருப்பிப் போடாத வயிறு மட்டும் மோர் நிறத்தில் மெத்தென்று இருந்தது. அதற்கு அது போதும். மாலையில் கரடி வந்தபோது குட்டிகளை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டியது. கரடிக்கு முன்பல் இரண்டும் போயிற்று. அழுதுகொண்டே ஓடியது. அதற்கப்புறம் முட்டையிலிருந்து வந்த குட்டிகளெல்லாம் அந்த முதுகோடுதான் வந்தன.

அன்று மாலை மார்சலின் கொப்பரையை வழித்துக்கொண்டிருந்தாள். அந்த வால் துண்டு பொன்னிறமாகக் கிடந்தது. பாவம், இதைப் புதைத்துவிடலாம் என்றுதான் எடுத்தாள். வாசனை அவளை விடவில்லை. ஒரு விள்ளல் பிய்த்து வாயில் வைத்தாள். கோழி மாதிரியும் இருந்தது, மீன் மாதிரியும் இருந்தது. முதலை பார்க்கிறதா என்று கரைப்பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு இன்னொரு விள்ளல் எடுத்தாள்.

அன்று முதல்தான் முதலையின் முதுகில் எந்த மிருகத்தின் பல்லும் இறங்குவதில்லை. அன்று முதல்தான் தெற்கத்தி வீடுகளில் அதன் வால் கறியை மோரில் ஊறவைத்து, மாவில் புரட்டி, காய்ந்த கொழுப்பில் போட்டு, மறக்காமல் திருப்பியும் போடுகிறார்கள்.