வாசலை அடைத்த புளியங்கொட்டை

மொக்கையன் என்ற காட்டுப்பன்றியின் முன்னங்காலில் இலந்தை முள் ஏறிவிட்டது. முள் உள்ளேயே ஒடிந்து சீழ் பிடித்துக்கொண்டது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

அந்தக் காட்டில் வைத்தியம் பார்ப்பது ஒரு கீரி. பெரிசு சிறிசு எல்லாம் அவளைக் கீரியக்கா என்றுதான் கூப்பிடும். பாறைக்கு அடியில் ஒரு வளையில் அவள் இருந்தாள். வளைக்கு ஒரே வாசல். வாசலில் இருந்து வழி கீழே சரிந்து போகும். மற்ற பக்கமெல்லாம் பாறை.

மொக்கையன் நொண்டிக்கொண்டே அவளிடம் போனான். வலி போனால் போதும், என்ன கேட்டாலும் தருகிறேன் என்று அழுதான். கூலி நூறு கழற்சிக்காய் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். சரி சரி என்று தலையாட்டினான். கீரியக்கா பத்து நாள் பச்சிலை அரைத்துக் கட்டினாள். சீழை எடுத்தாள். முள்ளையும் எடுத்தாள். கால் பழையபடி ஆகிவிட்டது.

அந்தக் காட்டில் விதைதான் காசு. கழற்சிக்காய் பெரிய காசு, புளியங்கொட்டை சில்லறை. நூறு புளியங்கொட்டை சேர்ந்தால் ஒரு கழற்சிக்காய். இதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. சில்லறையாக இருக்கிறது என்று யாரும் வாங்க மறுக்கக் கூடாது. வாங்குகிறவர், கொட்டின இடத்திலேயே வைத்து எண்ண வேண்டும். எண்ணாத விதையை நகர்த்தினால் அது கணக்கில் சேராது.

கால் ஆறினதும் மொக்கையனுக்கு மனசு மாறிவிட்டது. ஒரு முள்ளை எடுத்ததற்கு நூறா என்று பொழுதுக்கும் புலம்பினான். அவன் பெண்டாட்டி பேச்சிக்குக் கேட்டுக் கேட்டுக் காது வலித்தது.

"பேசினதைக் கொடுத்துட்டு வாங்களேன். நாலு குட்டி வச்சிருக்கோம்" என்றாள்.

"கொடுக்கத்தான் போறேன். ஒண்ணு குறையாமக் கொடுக்கப் போறேன். நீ பாரு" என்று அவன் சிரித்தான்.

சேர்த்து வைத்திருந்த கழற்சிக்காயை எல்லாம் எடுத்துக்கொண்டு குரங்குகளிடம் போனான். நூறு கழற்சிக்காய்க்கும் புளியங்கொட்டையாகவே வேண்டும் என்றான். குரங்குகள் கமிஷனாகப் பத்துக் கேட்டன. அதையும் கொடுத்தான். மூன்று நாள் குரங்குகள் மரம் மரமாக ஏறி இறங்கின. காட்டில் எந்தப் புளியமரத்தடியிலும் ஒரு கொட்டை மிச்சமில்லை.

நூறு கொடுக்க நூற்றுப்பத்து செலவு. பேச்சி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று பொழுது சாய்கிற நேரம். கீரியக்கா வளைக்குள் மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். மொக்கையன் வாசலில் வந்து நின்றான். பின்னால் இருபது குரங்குகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தேக்கிலைப் பொட்டலம்.

"கீரியக்கா, கூலி கொண்டாந்திருக்கேன். பத்தாயிரம் புளியங்கொட்டை."

உள்ளே அம்மி நின்றது. "பத்தாயிரமா?"

"ஏன், சில்லறை வேணாமா?"

வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியாது. கட்டுப்பாடு அப்படி. "வாசலை விட்டுத் தள்ளிக் கொட்டுங்கண்ணே. வழி அடைச்சிரும்" என்று மட்டும் சொன்னாள்.

"ஒண்ணு ஒண்ணா எண்ணி உள்ள இழுத்துக்க. வழி தானா வந்துரும்" என்று மொக்கையன் சொன்னான். பிறகு வாசலிலேயே கொட்டச் சொன்னான்.

குரங்குகள் சடசடவென்று கொட்டின. கொட்டைகள் சரிவில் உருண்டு உள்ளே பாய்ந்தன. கீரியக்கா பின்னால் நகர்ந்து நகர்ந்து பாறையோடு ஒட்டிக்கொண்டாள். வளைக்குள் இருட்டிவிட்டது. வெளியே குரங்குகள் மரத்தில் ஏறிக் கைகொட்டிச் சிரித்தன. எதிர்ப் புதரில் இருந்த முயல் இதைப் பார்த்து நடுங்கிவிட்டது. காசு கொடுக்கிற மாதிரியா இருக்கிறது, குழி மூடுகிற மாதிரி அல்லவா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போனது.

கீரியக்கா தடவித் தடவி எண்ண ஆரம்பித்தாள். ஒன்றை எடுத்தால் மேலிருந்து பத்து சரிந்தது. எழுநூறு எண்ணியிருப்பாள். மழை பிடித்துக்கொண்டது.

நல்ல மழை. விடிகிற வரை விடவில்லை. புளியங்கொட்டை நனைந்தால் என்ன ஆகும் என்று பசை காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும். ஊறி உப்பும். பசை விட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டும். விடிந்தபோது வாசலில் அடைத்திருந்தது குவியல் இல்லை. ஒரு சுவர்.

காலையில் பேச்சியின் குட்டிகள் ஈர மண்ணில் கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தன. கடைக்குட்டியின் பெயர் மொச்சை. அது ஒரு பொந்துக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. திரும்பும்போது பின்னங்காலில் ஏதோ சுருக்கென்றது. கண்ணாடி விரியன்.

குட்டி கத்தின சத்தத்தில் மொக்கையன் ஒரே பாய்ச்சலாக ஓடினான். வேறெங்கே, கீரியக்கா வளைக்குத்தான். வாசலில் வந்து நின்று கூப்பிட்டான். பதில் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது.

"யாரு?"

"நான்தான் தாயி, மொக்கையன். மொச்சையை விரியன் கடிச்சிருச்சு. சீக்கிரம் வா."

உள்ளே இருட்டில் எதையோ தடவி எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கீரியக்கா சொன்னாள்.

"மருந்து கையில இருக்குண்ணே. வர்றதுக்கு வழிதான் இல்ல."

அப்போதுதான் அவன் அந்தச் சுவரைப் பார்த்தான். அவனே கொட்டினது. மரத்தில் இருந்த குரங்குகளும் இப்போது சிரிக்கவில்லை.

மூக்கால் முட்டினான். கொட்டைகள் உள்ளே போய் இறுகின. மூச்சு முட்டுகிறது, தள்ளாதீர்கள் என்று உள்ளே இருந்து கீரியக்கா கத்தினாள். குளம்பால் வாரினான். ஒரு வாரு வாரினால் மேலிருந்து இரண்டு வாரு சரிந்தது. தோண்டலாம் என்று சுற்றி ஓடினான். பாறை.

பேச்சி குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வந்து புல்லில் கிடத்தினாள். குட்டியின் கால் கறுத்துப் போயிருந்தது. அவள் அழவில்லை, புருஷனைத் திட்டவும் இல்லை. நேராக வாசலுக்குப் போய்த் தலையைக் குனிந்தாள். கொட்டைகளை நறநறவென்று மென்று விழுங்க ஆரம்பித்தாள்.

மொக்கையன் திகைத்துப்போய் நின்றான்.

"என்ன பாக்குறீங்க? தின்னுங்க. நீங்க கொட்டினதுதானே" என்றாள்.

எண்ணாத காசு, தின்றால் கணக்கு தீராதே என்று மரத்தில் ஒரு குரங்கு மெல்லச் சொன்னது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தின்றார்கள். வாயெல்லாம் பசை. தொண்டை அடைத்தது. வயிறு புடைத்தது. மொக்கையன் ஓங்கரித்துக்கொண்டே தின்றான். நூற்றுப்பத்து கழற்சிக்காயை அவன் தன் வாயாலேயே மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். குட்டியின் மூச்சு மட்டும் அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வர வர அது மெலிந்தது.

கடைசியில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. அதில் ஒரு மூக்கு. அப்புறம் இரண்டு கை. மேலெல்லாம் பசையோடு கீரியக்கா வெளியே வந்தாள். யாரிடமும் பேசாமல் குட்டியிடம் ஓடினாள். கடிவாயைக் கீறினாள், வேரை மென்று துப்பினாள், இலையை வைத்துக் கட்டினாள்.

உச்சி நேரத்தில் மொச்சை கண் விழித்தது. உயிர் வந்துவிட்டது. ஆனால் கடிபட்ட கால் வரவில்லை.

"நான் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காலும் தப்பிச்சிருக்கும்" என்று கீரியக்கா சொன்னாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

மொக்கையனுக்குத் தலை நிமிரவில்லை. பழைய கூலியில் எவ்வளவு தீர்ந்தது என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். எண்ணினது எழுநூறுதான், அதனால் ஏழு தீர்ந்தது, தொண்ணூற்று மூன்று பாக்கி என்றாள். உழைத்துக் கட்டுகிறேன் என்றான்.

"இன்னைக்குப் பாத்ததுக்கு?" என்று பேச்சி கேட்டாள்.

கீரியக்கா குட்டியின் காலைப் பார்த்தாள். "ஒரு புளியங்கொட்டை கொடுங்க மதினி, போதும். எண்ணவும் லேசு."

ஒன்றே ஒன்று. மொக்கையன் தேடினான். வளைக்குள் இருந்த எழுநூறும் அவள் எண்ணி எடுத்தது. வாசலில் கிடந்ததெல்லாம் கடித்த அரையும் நொறுங்கின காலுமாக இருந்தது. மரத்தடியில் எல்லாம் குரங்குகள் முன்பே பொறுக்கிவிட்டன. சேற்றை மூக்கால் கிண்டிக் கிண்டிப் பார்த்தான். வெயில் தாழ்ந்தபோது காலில் ஏதோ உறுத்தியது. தூக்கிப் பார்த்தான். கீரியக்கா முள் எடுத்தாளே, அதே கால். குளம்பு இடுக்கில் முழுசாக ஒரு புளியங்கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

அதைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான். வாசலில் வைக்கவில்லை, தள்ளி வைத்தான்.

"ஒண்ணு" என்று கீரியக்கா எண்ணி எடுத்துக்கொண்டாள்.

கொடுக்க வேண்டியதை அடுத்தவரை வதைப்பதற்காகவே கொடுத்தால், அதில் அடைபடுவது நம்முடைய வழிதான்.