வாலைத் தந்தியாக்கிய பல்லி

அந்தக் காலத்தில், பல்லிக்கும் பாம்புக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, பாழடைந்த மண்டபச் சுவர் ஒன்றில் ஒரு பல்லித் தம்பதி குடியிருந்தது. பெண் பல்லி தானே ஒரு கொட்டாங்கச்சி வீணை செய்து வைத்திருந்தது. சாயங்காலமானால் அதை மீட்டும். கீழே புற்றிலிருந்த பாம்பு அதைக் கேட்டுச் சொக்கிப்போய், பசியை மறந்து தூங்கிவிடும். சுவரில் இருந்த இரண்டு முட்டைகளும் பிழைத்துக் கிடந்தது அந்த வீணையால்தான்.

மறுநாள் குஞ்சு பொரிய வேண்டும். அன்றைக்கென்று பார்த்து, எலியைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று ஒரு பூனை குதித்து, வீணையை நொறுக்கிவிட்டுப் போயே போய்விட்டது. ஒரு 'ஐயோ பாவம்'கூடச் சொல்லவில்லை, பாருங்கள்!

"போச்சு! வா, ஓடிவிடலாம்" என்றது ஆண் பல்லி.

"முட்டை சுவரோடு ஒட்டியிருக்கிறதே, அதை யார் தூக்கி வருவது? நீ வேண்டுமானால் ஓடு. வீணையைக் கட்டாமல் நான் நகரமாட்டேன்."

ஆண் பல்லிக்கு வெட்கமாகிவிட்டது. அதுவும் வேலையில் இறங்கியது. உடைந்த கொட்டாங்கச்சியை வேப்பம்பிசின் வைத்து ஒட்டின. யாரோ வீசிய தேய்ந்த விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவிச் சேர்த்துக் கட்டி, வீணைக்குக் கழுத்து வைத்தன. மேலே போர்த்தப் பாம்பு உரித்துப் போட்ட சட்டையே கிடைத்தது. தந்திக்குத்தான் திண்டாட்டம். வாழைநார் இழுத்தவுடன் அறுந்தது. தேங்காய்நார் கரகரவென்று இருமியது. அதற்குள் பொழுது சாய்ந்து, பாம்பும் சுவரில் ஏறத் தொடங்கிவிட்டது.

"நீளமாக, வலுவாக என்னிடம் இருப்பது இது ஒன்றுதானே" என்றது பெண் பல்லி. பல்லைக் கடித்துக்கொண்டு தன் வாலை வெடுக்கென்று பிய்த்தது. உயிர் போகிற வலி. அழுதுகொண்டேதான் இழுத்துக் கட்டியது.

கை வைக்கும் முன்பே வால் தானாகத் துடித்தது. கிணுகிணுவென்று ஒரு நாதம்!

"அம்மாடி! நிறுத்தாதே, இன்னும் கொஞ்சம்" என்று பாம்பு கிறங்கிப்போய்க் கெஞ்சியது.

துடித்த துடிப்பில் கட்டு அவிழ்ந்து, வால் தரையில் விழுந்து துள்ளியது. பாம்புக்கு முட்டை ஞாபகமே இல்லை. வாலின் பின்னாலேயே இறங்கி, அதைக் கவ்விக்கொண்டு புற்றுக்குள் போய்விட்டது.

விடிந்தபோது முட்டைகள் பொரிந்திருந்தன. மொட்டை வாலோடு நின்ற அம்மாவைப் பார்த்துக் குஞ்சுகள் சிரித்தன.

"சிரியுங்கள், சிரியுங்கள். அது முளைத்துக்கொள்ளும்" என்றது பல்லி. சொன்னபடியே முளைத்தது.

அன்று முதல்தான் ஆபத்து வந்தால் பல்லிகள் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகின்றன. அந்த வாலும் எதிரியின் கண்முன்னால் துள்ளித் துள்ளி வாசித்துவிட்டுத்தான் அடங்குகிறது.