விழாத தளம்

"குருவே, பதினாலு கம்பெனி பாத்துப்போட்டேன். எதுல எடம் பிடிக்கிறதுன்னே தெரியலைங்க."

சொன்னவர் தெய்வசிகாமணி. தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி, உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்திருந்தார்.

குரு என்று அவர் கூப்பிட்ட மெஹருன்னிசாவுக்கு நாற்பத்து நாலு வயது. ஜெராக்ஸ் எடுப்பதும், பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும்தான் இப்போது தொழில்.

குரு என்ற பட்டம் பழையது. இருபது வருஷத்துக்கு முன்னால் 'முச்சந்தி' என்று ஓர் இணையதளம் இருந்தது. பல ஊரிலிருந்தும் இருநூறு பேர் அதில் எழுதுவார்கள், வாய்ச்சண்டை போடுவார்கள், மறுநாள் ராசியாகிவிடுவார்கள். அதை நடத்தியவர் மெஹருன்னிசா. யார் எதைக் கேட்டாலும் ஒரே வரியில் பதில் போடுவார் என்பதால் குருவாக்கிவிட்டார்கள். தளத்தை மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. தெய்வசிகாமணி மட்டும் இன்னும் வேறு பேர் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை.

அந்த முச்சந்தியைத்தான் மறுபடி எழுப்பக் கிளம்பியிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு வீடியோ பார்த்துப் பார்த்து பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டார். ஒன்றரை வருஷம் உட்கார்ந்து, தளத்துக்கான நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானே எழுதி முடித்தார். பாக்கி ஒன்றுதான். அதை இணையத்தில் குடிவைக்க ஓர் இடம், அதாவது ஹோஸ்டிங்.

அதைத் தேடத் தொடங்கி ஏழு மாதம் ஆகிவிட்டது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவருக்கு ஆடத் தெரியும். ஆனாலும் எந்தக் கூடத்தைப் பார்த்தாலும் கோணலாகத்தான் தெரிந்தது.

"ஒருத்தன் கம்ப்யூட்டரை மும்பையில வெச்சிருக்கான், ஒருத்தன் சிங்கப்பூர்ல. வருஷத்துக்கு அஞ்சு நிமிஷந்தான் தளம் வராம விழும்ங்கிறான் இன்னொருத்தன். அந்த அஞ்சு நிமிஷமும் எனக்கு விழக்கூடாதுங்க. எது விழாது, சொல்லுங்க."

குரு ஒரு ஹால் டிக்கெட்டை அச்செடுத்து, காத்திருந்த பெண்ணிடம் கொடுத்தார். அவள் போன பிறகு கேட்டார்.

"மொதல்ல யாருங்கண்ணா வருவாங்க?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று தெய்வசிகாமணி கிளம்பிவிட்டார்.

*

அடுத்த வாரம் ஒரு பெரிய தாளோடு வந்தார். பதினாலு கம்பெனியையும் கட்டம் கட்டி எழுதியிருந்தார். வேகம் ஒரு கட்டத்தில், பாதுகாப்பு ஒரு கட்டத்தில், நடுராத்திரி போன் செய்தால் எடுப்பானா மாட்டானா என்பதற்குக்கூட ஒரு கட்டம். இருநூறு பேர் வந்தாலும் தாங்கும், ஐயாயிரம் பேர் வந்தாலும் தாங்கும் என்று விளக்கினார்.

குரு தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பிரிண்டர் மேசையின் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது.

"மூணு நாள் ஒக்காந்து போட்டதுங்க அது."

"தெரியுதுங்கண்ணா. நல்லா கெட்டியா இருக்கு."

தெய்வசிகாமணிக்கு முகம் சுண்டிப்போனது. அதைக் கவனித்தும் கவனிக்காதவர் மாதிரி, குரு அடுத்த விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார்.

"நான் கேட்டது பேரு. நீங்க கணக்குச் சொல்றீங்க."

பேர்கள் அவருக்கு மனப்பாடம். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தக்கலை எட்வின். மீன்குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மூன்று நாள் எழுதுவார். மணப்பாறை சௌந்தரவல்லி. அஞ்சலகத்தில் வேலை, யார் எழுதினாலும் ஒற்றுப்பிழை கண்டுபிடிக்கிற பெண்மணி. ஷார்ஜாவில் கிரேன் ஓட்டிய முகைதீன். அவர் எழுதுகிற கவிதை ஒருத்தருக்கும் புரியாது, எல்லாரும் அருமை என்று போடுவார்கள். நினைக்க நினைக்க அவருக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

அவர்களில் ஒருத்தரைக்கூட அவர் இன்னும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. எண்கள் எல்லாம் கைபேசியில் இருந்தன. கூப்பிட்டு, "அதெல்லாம் அந்தக் காலம், இனி யாருக்கு நேரம் இருக்கு" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. வேலையும் போய், பிள்ளைகளும் வெளியூர் போய், பேச ஆள் இல்லாத பகல்களில் இந்த ஒரு ஆசையைத்தான் அவர் வளர்த்து வைத்திருந்தார். அதுவும் போய்விட்டால் கையில் ஒன்றும் இல்லை. நல்ல ஹோஸ்டிங் அமையட்டும், அப்புறம் கூப்பிடலாம் என்று ஏழு மாதமாகத் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

மூன்றாம் முறை வந்தபோது கோபமாகவே வந்தார்.

"இன்னைக்கு ஒரு பதில் சொல்லியே ஆகோணுங்க."

குரு கையை நீட்டினார். தெய்வசிகாமணி ஒன்றும் புரியாமல் நின்று, அப்புறம் சட்டைப்பையிலிருந்த பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். நிரல் முழுவதும் அதில்தான் இருந்தது. அதை வீட்டில் வைத்துவிட்டு அவர் எங்கேயும் போவதில்லை.

மேசைக்கு அடியில் மூடி கழன்ற ஒரு பழைய கணினி கிடந்தது. குரு அதன் தூசியைத் துடைத்தார்.

"இதுலயாங்க?"

"இதுலதானே இருந்துச்சு."

அது உண்மைதான். முச்சந்தி பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். முக்கால் மணி நேரம் முக்கி முனகிவிட்டு, கணினி உயிர் பெற்றது. திரையில் பக்கம் விரிந்தது. முச்சந்தி என்ற எழுத்தை அதே பழைய நீலத்தில் பார்த்தபோது, தன் பிள்ளையைப் பள்ளிக்கூட உடுப்பில் முதல் தடவை பார்த்ததுபோல் அவர் மனம் நிறைந்தது. கீழே ஒரு வரி இருந்தது.

உறுப்பினர்: 1.

அது அவரேதான்.

குரு குனிந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். பக்கம் போய்விட்டது.

"என்னங்க பண்றீங்க?"

"தளம் விழுந்திருச்சு. யாருக்குத் தெரியும்?"

"நமக்குத்தான். வேற யாருக்குத் தெரியப்போகுது?"

"அப்பெல்லாம் விழுந்தா?"

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். பதில் எங்கிருந்தோ தானாக வந்தது.

அப்பெல்லாம் உடுமலையில் மின்வெட்டு என்றால் முச்சந்தி போச்சு என்று அர்த்தம். யூ.பி.எஸ். பத்து நிமிஷம் இழுத்துப் பிடிக்கும், அப்புறம் படுத்துவிடும். அடுத்த நிமிஷம் தாராபுரத்தில் அவர் வீட்டுப் போன் அடிக்கும். உங்களுக்கும் வரலையா என்று தக்கலையிலிருந்து எட்வின் கேட்பார். அதை வைத்துவிட்டு இவர் மணப்பாறைக்குப் போடுவார். சௌந்தரவல்லி இன்னொருத்தருக்குப் போடுவார். தளத்தைப் பற்றிய பேச்சு ஒரு நிமிஷம்கூட இருக்காது. எட்வினின் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்பது அப்படி ஒரு மின்வெட்டில்தான் தெரிந்தது. சௌந்தரவல்லி மகள் கல்யாணத்துக்கு வேன் வைத்துப் போனதும் அப்படித்தான். மின்சாரம் வந்து தளம் எழுந்து நின்றாலும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எல்லாரும் போனில் இருப்பார்கள்.

இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, குரு பிளக்கைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏங்கண்ணா நின்னுச்சு?"

"நாந்தானுங்களே சண்டை போட்டேன், நல்ல எடத்துக்கு மாத்தோணும்னு. எல்லாருமாச் சேர்ந்து பெரிய கம்பெனிக்கு மாத்தினோம். ரெண்டு வருஷம் அங்க இருந்துச்சு. அருமையான எடம். ஒரு தடவைகூட விழ..."

அந்த ரெண்டு வருஷத்தில் வீட்டுப் போனும் ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கடைத்தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

தெய்வசிகாமணி கைபேசியை எடுத்தார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான பேரைத் தொட்டு, மூன்றாவதில் எட்வினைப் பிடித்தார். மணி அடித்தது. நாலு தடவை, ஐந்து தடவை. எடுக்க மாட்டார் என்று அவர் முடிவு செய்துவிட்ட நேரத்தில் எடுத்தார். குரலில் வயசு ஏறியிருந்தது. யார் என்று கேட்கவில்லை. சுகமா என்றும் கேட்கவில்லை.

"என்ன ஓய், குரு கடையில கரண்டு போச்சா?"

தெய்வசிகாமணி குருவின் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "இப்பத்தான் போச்சு."