ஆடு விலகுற எடம்

"மூணு ராத்திரி முழிச்சாச்சு. சத்தம் கேக்குது, பறவையக் காணோம்"னாரு தணிகாசலம்.

பறவைக் கணக்கெடுக்க வந்தவரு. கழுத்துல பைனாகுலர், நெத்தியில டார்ச்சு, முழங்கால் வரைக்கும் பூட்ஸு. சண்டைக்குப் போறவரு மாதிரி. தேடுறது என்னவோ ரெண்டு கைக்குள்ள அடங்குற பக்கிக்குருவிய. அது ராத்திரி பறந்து பூச்சி தின்னும், பகல்ல தரையில படுத்துக்கும்.

அவரு பொலம்புனது சடச்சிகிட்ட. ஆடு மேய்க்கிறவ. அவரு வயசுல பாதி.

"சத்தம் கேட்டா எழுதிக்க வேண்டியதான சார்?"

"கண்ணால பாத்தாத்தான் எழுதலாம் தாயி. சாயங்காலத்துக்குள்ள பாக்கலன்னா ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துருவேன். நாளைக்கே கல்குவாரி மெஷின் வந்து இந்தக் காட்ட வழிச்சிரும். நீதான் எனக்கு குருவா இருந்து காட்டணும்."

"குருவா? அப்ப ஆட்ட மேய்ங்க."

பைனாகுலர வாங்கிக்கிட்டு கம்பக் கையில குடுத்தா.

நாப்பது ஆடு. இவரு மேய்ச்சாரோ, அதுங்க இவர மேய்ச்சுச்சோ. ஒண்ணு அவரு கணக்கெழுதுற படிவத்தோட முனைய மென்னு பாத்து துப்பிருச்சு.

மத்தியானம் சடச்சி கேட்டா. "என்ன பாத்தீங்க?"

"ஆட்டோட பின்பக்கம்."

"அதையே நல்லாப் பாருங்க."

பாத்தாரு.

ஒண்ணாப் போன மந்தை ஒரு வேலமரத்தடியில ரெண்டாப் பிரிஞ்சுச்சு. தாண்டுனதும் சேந்துக்கிச்சு. நடுவுல வெறும் சருகு.

"அங்க ஏன் விலகுது?"

சடச்சி அந்தச் சருகுப் பக்கமாப் போயி மெதுவாக் குத்தவச்சா. இவரு பூட்ஸு மடங்கல. படுத்துட்டாரு.

சருகு.

சருகு.

ஒரு சருகு மூச்சு விட்டுச்சு.

பாதி மூடுன கண்ணு ஒண்ணு அவரையே பாத்துக்கிட்டிருந்துச்சு. வயித்துக்கடியில முட்டை ஒண்ணு லேசாத் தெரிஞ்சுது. கூடில்ல, குச்சியில்ல. மண்ணுதான்.

படுத்தபடியே கேட்டாரு.

"மொத நாளு நான் இந்த வழியாத்தான போனேன்?"

"ரெண்டு தடவ. ஒரு சாண் தள்ளி."

படிவத்த எடுத்தாரு. 'ஒண்ணு'ன்னு எழுதப் போயி நிறுத்துனாரு.

"இந்தக் காட்டுல மொத்தம் எத்தன இருக்கும்?"

சடச்சி சுத்திப் பாத்தா. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் சருகு.

"நடந்து போயி எண்ணிக்குங்க சார்."

தணிகாசலம் எந்திரிச்சாரு.

ஒரு காலத் தூக்குனாரு.

வைக்கல.