மலைவழியே போன பட்டத்து யானை

ரொம்ப காலத்துக்கு முன்னால் செங்குன்ற நாட்டை வீரகண்டர் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட உத்தரவை மதியச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவார். அவருடைய அமைச்சர் இளவெயினி, மலைக்காட்டில் பிறந்தவள். எதற்கெடுத்தாலும் ராஜா அவளையே கேட்கிறாரே என்று வணிகர் தலைவன் குபேரநம்பிக்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. நாடு முழுக்க முரசுக் கோபுரங்கள் வேண்டும். ஒன்றில் அடிப்பதைக் கேட்டு அடுத்ததில் அடித்தால், சேதி குதிரையையும் முந்திவிடுமே!

"கஜானாவைத் தொடவே வேண்டாம், அரசே!" என்று எழுந்தான் குபேரநம்பி. "என் செலவில் கட்டுகிறேன். சேதி அனுப்புகிறவர்களிடம் கூலி வாங்கிக்கொள்கிறேன்."

"மலைப்பக்கம் கட்டுவீர்களா?" என்று இளவெயினி கேட்டாள்.

"தேனும் கிழங்கும் எடுக்கிறவர்கள் யாருக்குச் சேதி அனுப்பப்போகிறார்கள்? கட்டுப்படியாகாது, அமைச்சரே."

"அப்படியானால் அங்கே கோபுரங்களை அரண்மனையே கட்டட்டும்."

"பிறந்த ஊர்ப் பாசம்!" என்றான் அவன். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். இளவெயினிக்குச் சுருக்கென்றது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

துறைமுகத்திலிருந்து தலைநகர்வரை கோபுரங்கள் எழுந்தன. "இனி இந்த நாட்டில் ஓர் ஈ பறந்தாலும் அரசருக்குத் தெரியும்!" என்று மீசையை முறுக்கினான் குபேரநம்பி.

"ஈ எதற்கு?" என்றாள் இளவெயினி. "நம் பட்டத்து யானையைப் பட்டப்பகலில் எல்லை தாண்டி ஓட்டிப்போய்த் திரும்பி வருகிறேன். அதற்குள் அது போன வழி அரசருக்குத் தெரிந்தால் என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜா தொடையைத் தட்டினார். "சபாஷ்! தெரியாவிட்டால், நீ கேட்பதைத் தருகிறேன்."

அவள் யானையை மலைவழியில் ஓட்டிப்போனாள். முகபடாம், மணி, மேளம் எதிலும் குறைவில்லை. வழியெல்லாம் பெண்கள் யானைக்குப் பலாச்சுளை ஊட்டினார்கள். காரி என்ற ஊர்த்தலைவர் பதறி ஓடிவந்தார்.

"தாயி, இது ராஜா யானையாச்சே! அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்கள்தான் சொல்லுங்களேன்."

"எப்படிச் சொல்றது? ஓடித்தான் போகணும்!" என்று மகன் வேலனை ஓடவிட்டார்.

அரண்மனையில் முரசுகள் ஓயவில்லை. உப்பு விலை ஏறியது, கப்பல் வந்தது, யாரோ ஒரு வணிகர் வீட்டில் கல்யாணம். யானையைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை.

கடைசியில் யானையே வாசலுக்கு வந்து நின்றது. அதற்குப் பின்னால், யானை நீந்திக் கடந்த மலையாற்றைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்த வேலன் மூச்சிரைக்க விழுந்தான். "மகாராஜா! உங்க யானையை யாரோ ஓட்டிட்டுப் போறாங்க!"

சபையே குலுங்கியது. ராஜாவும் வயிறு வலிக்கச் சிரித்தார், சட்டென்று நிறுத்தினார். "அந்த வழியில் எதிரிப் படை வந்திருந்தால்?"

அவர் இளவெயினி பக்கம் திரும்பினார்.

"என்ன வேண்டும், கேள்," என்றார் ராஜா.

"மலைக் கோபுரங்களைக் கஜானா கட்டட்டும். நம்பியின் கோபுரங்கள் அவரிடமே இருக்கட்டும். ஆனால் எங்கே அடித்தாலும் எல்லாக் கோபுரமும் அந்தச் சேதியை வாங்கி அடிக்க வேண்டும். மலைக்காரரிடமும் அதே கூலிதான் வாங்க வேண்டும்."

"அப்படியே!" ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். மலைக் கோபுரத்தின் முதல் கல்லைக் குபேரநம்பி தோளில் சுமந்து ஏற வேண்டும் என்றும் கட்டளையிட்டார். ஏறினான், வியர்வை சொட்டச் சொட்ட.

அந்த மழைக்காலத்தில் மலை முரசு அதிர்ந்தது: ஏரி உடைந்துவிட்டது, வெள்ளம் வருகிறது! தண்ணீர் வந்து சேருமுன்னே துறைமுகத்து ஜனங்கள் மேடேறிவிட்டார்கள்; குபேரநம்பியின் பிள்ளைகுட்டிகளும்தான்.

"முரசை அடித்தவர் யார்?" என்று அவன் இளவெயினியிடம் கேட்டான். காரி என்று தெரிந்ததும் பட்டுச் சால்வையோடு மலையேறினான். இந்த முறை யாரும் கட்டளையிடவில்லை.